மேற்கோள் யாருடையது? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

விழா மலர், பள்ளி ஆண்டு மலர், அழைப்பிதழ் என்று மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. எழுத்துப்பிழையைப் பிடிப்பது பெரிய விஷயமே இல்லை. பக்கத்தின் மூலையில் கட்டம் கட்டி ஒரு பொன்மொழியைப் போட்டு, அடியில் 'காந்தியடிகள்' என்றோ 'பாரதியார்' என்றோ எழுதியிருப்பார்களே, அதுதான் தலைவலி. ஒருமுறை நானே கோட்டைவிட்டேன். ஒரு சுதந்திர தின மலரில் 'கத்தியின்றி ரத்தமின்றி யுத்தமொன்று வருகுது' என்ற வரிக்குக் கீழே பாரதியார் என்று இருந்ததை அப்படியே விட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். பிரதிகள் வந்து விநியோகமும் ஆன பிறகு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போனில் கூப்பிட்டு, "தம்பி, பாரதி எப்ப இறந்தாரு, உப்பு சத்தியாகிரகம் எப்ப நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பாரதி இறந்தது 1921. ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தது 1930. அந்த நடைக்காக நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிய பாட்டு அது. அதற்கப்புறம் பெயர் போட்ட எந்த மேற்கோளைப் பார்த்தாலும் கை தானாக நின்றுவிடுகிறது. எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று பழகிப்போனதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எதற்கும் முன்னால் ஒன்று. "கூகுளில் போட்டுப் பார்த்தேன், எல்லாப் பக்கத்திலும் காந்தி என்றுதான் இருக்கிறது" என்பது சான்றே இல்லை. அந்தப் பக்கங்கள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. தேட வேண்டியது மூன்று: ஆள், இடம் (எந்த நூல், எந்த இதழ், எந்த உரை), தேதி. மூன்றில் ஆள் மட்டும் இருந்தால் கையில் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "யார் சொன்னால் என்ன சார், கருத்துதானே முக்கியம்" என்று 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' குறளை எடுத்து வீசுபவர்களும் உண்டு. வள்ளுவர் பொருளை ஆராயச் சொன்னார், பெயரை மாற்றிப் போடச் சொல்லவில்லை. தவிர, அந்தக் குறளைச் சொல்லும்போதே 423-ஐயும் 355-ஐயும் குழப்பிக்கொள்வார்கள், ஏனென்றால் இரண்டும் 'எப்பொருள்' என்று தொடங்கி 'மெய்ப்பொருள் காண்பது அறிவு' என்று ஒரே மாதிரி முடியும்.

"தேதி இடிக்கிற மாதிரி இருக்கிறது"

இருப்பதிலேயே சுலபமான கோளாறு. அந்த ஆள் பிறந்த வருடம், இறந்த வருடம், சொன்னதாகச் சொல்லப்படும் நாளில் எங்கே இருந்தார், இவ்வளவு பார்த்தால் போதும், இரண்டு நிமிட வேலை.

கடைகளிலும் வங்கிகளிலும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பலகை நினைவிருக்கும்: வாடிக்கையாளரே நம் இடத்துக்கு வரும் மிக முக்கியமான விருந்தாளி, அவர் நம்மைச் சார்ந்து இல்லை, நாம்தான் அவரைச் சார்ந்து இருக்கிறோம். கீழே காந்தி. சில இடங்களில் '1890-ல் தென்னாப்பிரிக்காவில் ஆற்றிய உரை' என்று கூடுதல் தகவலும் இருக்கும். 1890-ல் காந்தி லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவில் அவர் கால் வைத்தது 1893-ல். போலி மேற்கோளுக்குத் தேதி போடுகிறவர் நம்பகத்தன்மைக்காகத்தான் போடுகிறார், மாட்டிக்கொள்வதும் அதில்தான். ஆகவே தேதியோடு வரும் மேற்கோள் என்றால் எனக்கு ஒரே சந்தோஷம். இந்த வாசகங்களை ஒட்டிய வடிவம் 1941-ல் பிரின்டர்ஸ் இங்க் என்ற அமெரிக்க விளம்பரத் தொழில் இதழில் இருக்கிறது. சொன்னவர் கென்னத் எலியட், ஸ்டூட்பேக்கர் கார் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுத் துணைத் தலைவர்.

மெக்காலே பெயரில் சுற்றுவதும் இந்த ரகம்தான். 'இந்தியா முழுக்கப் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இந்த நாட்டின் முதுகெலும்பை உடைக்க இதன் கல்வியை மாற்ற வேண்டும்' என்று 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினாராம். அன்று அவர் கல்கத்தாவில் இருந்தார். முந்தைய வருடம் ஜூன் மாதமே கப்பலில் சென்னை வந்து இறங்கி, கவர்னர் ஜெனரல் பென்டிங்க்கைப் பார்க்க ஊட்டிக்கு ஏறி, பிறகு கல்கத்தா போனவர். பிப்ரவரி 2 என்ற தேதி எங்கிருந்து வந்தது என்றால், அவருடைய கல்விக் குறிப்பின் தேதி அது, உண்மையான ஆவணம், இன்றும் முழுதாகப் படிக்கலாம். ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரித் தட்டு இந்திய, அரேபிய இலக்கியம் முழுவதற்கும் சமம் என்பதும், ரத்தத்தாலும் நிறத்தாலும் இந்தியர், ரசனையாலும் அறிவாலும் ஆங்கிலேயர் என்று ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கின்றன. திட்டுவதற்கு இதுவே தாராளம், போலி எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

'ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்' என்று பிரெஞ்சு ராணி மேரி அன்டோனெட் சொன்னதாக எங்கள் பள்ளி வரலாற்று வகுப்பில் கேட்டது. ரூசோவின் தன்வரலாற்றில் ஆறாம் பகுதியில் 'ஒரு பெரிய இளவரசி' சொன்னதாக, பெயர் இல்லாமல், அது வருகிறது. அந்தப் பகுதி எழுதப்பட்டது 1760-களில். மேரி 1755-ல் ஆஸ்திரியாவில் பிறந்தவர், பிரான்சுக்கு வந்தது 1770-ல்.

"ஒரே வரி, மூன்று நான்கு பெயர்களில் வருகிறது"

இங்கே ஒரு சின்ன விதி, பெரும்பாலும் பலிக்கும்: பட்டியலில் இருப்பதிலேயே பிரபலம் குறைந்த பெயரை முதலில் துரத்துங்கள். வரி எப்போதும் சின்னப் பெயரிலிருந்து பெரிய பெயருக்குத்தான் வழுக்கும். ஒரு தொழிற்சங்கப் பேச்சாளர் சொன்னது காந்தி பெயருக்குப் போகும், காந்தி சொன்னது தொழிற்சங்கப் பேச்சாளர் பெயருக்கு வராது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 'முதலில் உன்னைக் கண்டுகொள்ள மாட்டார்கள், பிறகு சிரிப்பார்கள், பிறகு சண்டைக்கு வருவார்கள், பிறகு நீ ஜெயிப்பாய்' என்பதன் பழைய வடிவம், 1918-ல் பால்டிமோரில் நடந்த தையல் தொழிலாளர் சங்க மாநாட்டில் நிக்கலஸ் கிளைன் என்பவர் பேசியதில் இருக்கிறது. அதில் கடைசியில் ஜெயிப்பது இல்லை, சிலை வைப்பார்கள் என்று முடியும். எனக்கு அதுதான் இன்னும் பிடித்திருக்கிறது.

'ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு வேறு விளைவை எதிர்பார்ப்பதுதான் பைத்தியக்காரத்தனம்' என்பதை ஐன்ஸ்டைன் கணக்கில் எழுதுகிறார்கள். அவர் 1955-ல் இறந்தார். அந்த வாசகம் அச்சில் தலைகாட்டுவது 1980-களின் தொடக்கத்தில், போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களின் குழு வெளியீடுகளில். 1983-ல் ரீட்டா மே பிரௌன் எழுதிய நாவலிலும் வருகிறது. ஒருவர் இறந்து இருபது முப்பது வருடம் கழித்துத்தான் அவருடைய 'புகழ்பெற்ற' வாசகம் முதன்முதலாக அச்சேறுகிறது என்றால் கையை எடுத்துவிடலாம்.

நம் ஊரில் இந்த வழுக்கல் ஒரு சில பெயர்களை நோக்கித்தான். 'தமிழன் என்று சொல்லடா, தலைநிமிர்ந்து நில்லடா' நாமக்கல் கவிஞருடையது, பாரதிக்கும் பாரதிதாசனுக்கும் மாறி மாறிப் போகும் (பாவம், அந்த மனுஷருக்கு இதே பிழைப்பு). பழைய வரி என்றால் ஔவையார், அறிவுரை என்றால் வள்ளுவர். கணியன் பூங்குன்றனாரின் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' புறநானூற்றில் 192-ஆம் பாட்டு. அதையும் திருக்குறள் என்று போட்டு வந்த அழைப்பிதழைத் திருத்தியிருக்கிறேன்.

"வரி நூலில் இருக்கிறது, ஆனாலும் ஏதோ உறுத்துகிறது"

இது ஆபத்தான கோளாறு. நூல் கிடைத்துவிட்டது, பக்கம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக மூடிவிடுவோம். மூடாதீர்கள். முன்னால் நான்கு வரி, பின்னால் நான்கு வரி படியுங்கள்.

'மெல்லத் தமிழ் இனிச் சாகும்' என்று பாரதி சொன்னார் என்று மேடைதோறும் கேட்கலாம். பாரதி எழுதிய வரிதான், சந்தேகமே இல்லை. ஆனால் பாட்டில் பேசுவது தமிழ்த்தாய். புதிய கலைகளைச் சொல்லும் திறமை தமிழுக்கு இல்லை, மெல்லத் தமிழினிச் சாகும், மேற்கு மொழிகள் புவிமிசை ஓங்கும் என்று ஒருவன் சொன்னான் என்கிறாள். அடுத்த வரியே 'என்றந்தப் பேதை உரைத்தான்'. அந்த வசை எனக்கு வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் 'சென்றிடுவீர் எட்டுத்திக்கும்' என்று பிள்ளைகளை அனுப்புகிறாள். அதாவது, பேதை சொன்னதாகப் பாரதி சொன்னதை நாம் பாரதியே சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாடகம், நாவல், காப்பியம் எதிலிருந்து எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: இது யார் வாயில் வைக்கப்பட்ட பேச்சு?

'நீ சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்ற வோல்டேர் வரியும் இப்படித்தான். முகநூல் சண்டைகளில் இதை எடுத்து நீட்டாதவர் குறைவு. எவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் டாலன்டையர் என்ற புனைபெயரில் 1906-ல் வோல்டேரின் நண்பர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஹெல்வெஷியஸ் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதியின் புத்தகம் எரிக்கப்பட்ட செய்தி வரும் இடத்தில் இந்த வாசகம் மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. ஆனால் குறி மூடிய உடனே, இதுவே இப்போது அவருடைய மனநிலை என்ற பொருளில் வாக்கியம் முடிகிறது. ஹால் வோல்டேரின் மனதைத் தன் சொற்களில் சொன்னார், படித்தவர்கள் குறிக்குள் இருந்ததை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அது தன்னுடைய வாசகம்தான் என்று பின்னாளில் அவரே சொன்னார், அதற்குள் வண்டி ஊரைத் தாண்டிவிட்டது.

"நூலில் தேடினால் வரவே இல்லை"

பழைய தமிழ் வரி என்றால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரம் கோளாறு தேடலில் இருக்கும். மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலோ தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்திலோ செய்யுளைச் சீர் பிரித்து ஏற்றியிருப்பார்கள். நீங்கள் 'காண்பது அறிவு' என்று தேடுவீர்கள், அங்கே 'காண்ப தறிவு' என்று இருக்கும். 'தமிழ்மொழிக்கு இல்லை' என்று தேடுவீர்கள், அங்கே 'தமிழ்மொழிக் கில்லை'. எனவே முழு வரியைப் போடாமல், புணர்ச்சியில் உடையாத, அவ்வளவாகப் புழங்காத ஒற்றைச் சொல்லை எடுத்துத் தேடுங்கள். அதுவும் சிக்கவில்லையா, சொல்லின் முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் போடுங்கள். ஸ்கேன் செய்த பழைய புத்தகம் என்றால் ரகரத்தையும் துணைக்காலையும் கணினி மாற்றிப் படிக்கும், எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, றா வடிவங்களில் மொத்தமாகச் சொதப்பும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் தேடுபெட்டியை மறந்துவிட்டுக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நல்ல உதாரணம், 'கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே முன்தோன்றிய மூத்த தமிழ்'. இப்படியே தேடினால் மேடைப் பேச்சுகள்தான் கிடைக்கும். மூலத்தில் இருப்பது 'வாளோடு முற்றோன்றி மூத்த குடி'. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, கரந்தைப் படலம், குடிநிலை என்ற துறை. முன்+தோன்றி முற்றோன்றி ஆகிவிட்டது, அதனால்தான் சிக்கவில்லை. சிக்கிய பிறகு பார்த்தால் அதில் தமிழ் என்ற சொல் கிடையாது. மறக்குடி ஒன்றின் பழமையையும் வீரத்தையும் பாடுகிற வெண்பா அது. மேடையில் வாளைக் கழற்றிவிட்டுத் தமிழை மாட்டியிருக்கிறார்கள்.

நிஜமாகவே இல்லாத வரிகளும் உண்டு. 'கடன்பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்' என்பதைக் கம்பன் என்று சொல்லாத பட்டிமன்றம் இல்லை. கம்பராமாயணம் முழுக்கத் தேடினாலும் அந்த வரி இல்லை. இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயருடையது அது, 'கடன்கொண்டார் நெஞ்சம் போல' என்று வரும். இலங்கை வேந்தன் என்றதும் கம்பன் என்று நினைத்துவிடுகிறோம், ராமன் கதையைத் தமிழில் வேறு யாரும் பாடவில்லை என்பதுபோல. கதை ஒன்றாக இருந்தால் அதைப் பாடிய மற்றவர்களையும் பாருங்கள்.

"இவரும் சொல்லியிருக்கிறார், அவரும் சொல்லியிருக்கிறார்"

இரண்டு பேருமே சொல்லியிருக்கலாம். 'ஒன்றே குலம், ஒருவனே தேவன்' என்று அண்ணா சொன்னார், பல மேடைகளில் சொன்னார், பொய்யில்லை. ஆனால் 'ஒன்றே குலமும் ஒருவனே தேவனும் நன்றே நினைமின்' என்பது திருமந்திரம். 'எழுமின், விழிமின்' விவேகானந்தரின் முழக்கம், மூலம் கடோபநிடதம். இந்த இடத்தில் ஒருவரைத் தள்ளிவிட்டு இன்னொருவரை உட்கார வைக்க வேண்டியதில்லை. 'திருமூலர் வாக்கு, அண்ணா எடுத்தாண்டது' என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. திருமந்திரத்துக்குப் பாட்டு எண் போடும்போது மட்டும் கவனம், எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், முதல் அடியைப் போட்டுவிடுவது நல்லது. கூடவே, 'நான் பெற்ற இன்பம்' இல்லை, 'யான் பெற்ற இன்பம்'.

"சீனப் பழமொழி என்று போட்டிருக்கிறது"

சிரித்துவிட்டுத் தேடத் தொடங்குங்கள். 'ஒரு படம் ஆயிரம் சொற்களுக்குச் சமம்' என்பதை 1921-ல் பிரெட் பர்னார்ட் என்ற விளம்பரக்காரர் ஜப்பானியத் தத்துவஞானி சொன்னது என்று போட்டார். 1927-ல் அவரே அதை மாற்றி, ஆயிரத்தைப் பத்தாயிரமாக்கி, சீன எழுத்துகளோடு சீனப் பழமொழி என்று போட்டார். இரண்டும் வந்தது அதே பிரின்டர்ஸ் இங்க் இதழில்தான். 'எங்களைப் புதைத்தார்கள், விதை என்று தெரியாமல்' என்பதற்கு மெக்சிகோ பழமொழி என்று பட்டம். அது கிரேக்கக் கவிஞர் டினோஸ் கிறிஸ்டியானோபோலஸ் 1978-ல் எழுதிய ஈரடி.

தமிழ்ப் பழமொழிக்கு வேறு ஒரு தொல்லை. 'ஆயிரம் வேரைக் கொன்றவன்தான் உண்மையான பழமொழி, நாம்தான் மாற்றிவிட்டோம்' என்கிற மாதிரி வாட்ஸ்அப் விளக்கங்கள் வாரம் ஒன்று வருகின்றன. விளக்கம் அழகாக இருக்கும், சான்று இருக்காது. பெர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கும் மேல் பழமொழிகளைத் தொகுத்த 1874 பதிப்பும் ஜென்சனின் 1897 தொகுப்பும் இணையத்தில் கிடைக்கின்றன. நூற்றைம்பது வருடம் முன்பு மக்கள் வாயில் எந்த வடிவம் இருந்தது என்று அங்கே பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

"தமிழில் மட்டும்தான் கிடைக்கிறது, ஆங்கிலத்தில் பிடிபடவில்லை"

மொழிபெயர்ப்பில் வந்த மேற்கோள் என்றால் தமிழில் தேடிப் பயனில்லை. அதில் உள்ள உவமையை அல்லது பொருளைப் பிடித்து மூலமொழியில் இரண்டு மூன்று விதமாகத் தேடுங்கள். அந்த ஆளுடைய முழுத் தொகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், பெரிய ஆட்களுக்குப் பெரும்பாலும் இருக்கும். காந்தியின் தொகுப்பு ஆங்கிலத்தில் நூறு தொகுதி. பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பேச்சு என்றால் ஹான்சார்ட் பதிவேடு. மகனின் ஆசிரியருக்கு ஆபிரகாம் லிங்கன் எழுதியதாகப் பள்ளிச் சுவர்களில் ஒட்டியிருக்கும் அந்தக் கடிதம், 1953-ல் வந்த லிங்கன் எழுத்துகளின் தொகுப்பில் இல்லை. அதில் ஒன்றிரண்டு வரித் துண்டுக் கடிதங்கள்கூட இருக்கின்றன, இவ்வளவு நீளக் கடிதம் நழுவிப் போயிருக்காது.

'நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு' என்பதைக் காந்தி தொகுப்பில் தேடினால் அந்தச் சொற்கள் வராது. நெருங்கிய ஒன்று வரும்: நாம் நம்மை மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகின் போக்கும் மாறும் என்று, 1913-ல், இந்தியன் ஒபீனியன் இதழில். எந்தக் கட்டுரையில் தெரியுமா, பாம்புக்கடி பற்றிய உடல்நலக் கட்டுரையில். இப்படி மூலத்துக்குப் போகும்போதுதான் இந்த வேலையில் ருசி. இதைக் 'காந்தி கருத்தின் சுருக்கம்' என்று போடலாம், மேற்கோள் குறி மட்டும் கூடாது.

சர்ச்சில் பெயரில் வருவதற்கும் இதே மருந்துதான். சுதந்திரம் கொடுத்தால் இந்தியா அயோக்கியர்கள் கைக்குப் போகும், தண்ணீருக்கும் வரி போடுவார்கள் என்று அவர் சொன்னதாக வருவது ஹான்சார்டில் இல்லை. 1947 மார்ச் 6 அன்று, வைக்கோல் பொம்மைகளிடம் நாட்டைக் கொடுக்கிறோம், சில வருடத்தில் அவர்களின் சுவடே இருக்காது என்று பேசியது இருக்கிறது. 'அவர் சொல்லக்கூடியவர்தானே' என்று தோன்றுவது சான்று ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன், போலி செய்கிறவருக்கும் அதே யோசனைதான் வந்திருக்கும்.

"எல்லாம் பார்த்தாயிற்று, அகப்படவில்லை"

அச்சுக்கு நேரமாகிவிட்டது என்றால் பெயரை எடுத்துவிடுங்கள். வரி நன்றாக இருந்தால் பெயரில்லாமலும் நிற்கும். எடுக்க விடமாட்டேன் என்று மலர்க்குழு அடம் பிடித்தால் 'என்பார்கள்' போடலாம். 'காந்தி சொன்னதாகச் சொல்லப்படுவது' என்று போடுவது எனக்குப் பிடிக்காது, படிப்பவர் கண்ணில் காந்தி மட்டும்தான் தங்கும். நேரம் இருந்தால் சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களைப் பார்க்கலாம், இலங்கைத் தமிழ் வெளியீடு என்றால் 'நூலகம்' என்ற இணையதளம். பாரதி என்றால் சீனி. விசுவநாதன் கால வரிசையில் தொகுத்த பதிப்பு இருக்கிறது, எது எந்த இதழில் எப்போது வந்தது என்று அதில் தெரிந்துவிடும்.

"கண்டுபிடித்தாயிற்று, யாரும் ஏற்க மாட்டேன் என்கிறார்கள்"

இதற்கு என்னிடம் மருந்து இல்லை. எங்கள் தெருவில் ஒரு ஜவுளிக் கடை, கல்லாவுக்கு மேலே அந்த வாடிக்கையாளர் பலகை. முதலாளியிடம் 1890, 1893, ஸ்டூட்பேக்கர் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப அந்த கார் கம்பெனிக்காரர் படம் கிடைக்குமா தம்பி? பலகைல படம் வைக்கிற இடம் காலியா இருக்கக் கூடாதுல்ல" என்றார். தேடிப் பார்த்தேன், பலகையில் போடும் அளவுக்குத் தெளிவான படம் என் கைக்குச் சிக்கவில்லை.